மஞ்சள் படிகமும் வரவேற்புத் தட்டும்

படிகத்துக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதைச் சும்மா விட வேண்டும். சோறு கேட்காது, கரண்ட் கேட்காது, கமிட்டி கேட்காது. கரைசலைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, வாயை அலுமினியத் தாளால் மூடி, ஊசியால் நாலு ஓட்டை போட்டு மூலையில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டால் போதும். ஆவி மெல்லப் போகும், அடியில் படிகம் மெல்ல விளையும். ஆட்டினால் போச்சு, தூளாகக் கொட்டிவிடும். இம்புட்டுச் சுலபமான வேலையை எந்தச் சோம்பேறியும் செய்துவிடுவான். ஆனால் திண்டுக்கல்லிலிருந்து தாடிக்கொம்பு போகிற சாலையில் இருக்கும் தங்கத்தேர் கலை அறிவியல் கல்லூரியால் மட்டும் முடியவில்லை. சும்மா இருக்கச் சொல்லி அங்கே யாரும் இதுவரை சுற்றறிக்கை விட்டதில்லை.

அந்தக் கல்லூரியில் போய் மாட்டிக்கொண்டவள் நஸீரா. பேகம்பூர்க்காரி. அத்தா அக்பர் அலிக்குத் தோல் மண்டியில் வேலை. இவள் வேதியியலில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிற ஆராய்ச்சி மாணவி. ஆல்டிஹைடு ஒன்றையும் அமீன் ஒன்றையும் எத்தனாலில் சேர்த்துக் கொதிக்கவைத்தாள். நடுவிலிருந்து தண்ணீர் விலகிக்கொள்ள, இரண்டும் ஒட்டிக்கொண்டு மஞ்சளாக ஒரு புதுச் சேர்மம் வந்தது. ஷிஃப் பேஸ் என்பார்கள். அதைச் செய்வது பெரிய காரியமில்லை. அதன் உள்ளமைப்பு எப்படி, ஒரு மூலக்கூறு பக்கத்து மூலக்கூறை எதைக் கொண்டு பிடித்திருக்கிறது என்று கண்டுபிடித்துக் கட்டுரை எழுத வேண்டும். அதற்கு எக்ஸ்ரே மெஷினில் வைக்கத் தோதாக நல்ல படிகம் ஒன்று வேண்டும். பல்கலைக்கழகம் இன்னொரு விதியும் வைத்திருந்தது. மாணவியின் பெயர் முதலாவதாக உள்ள கட்டுரை ஒன்றாவது இருந்தால்தான் ஆய்வேட்டைக் கையால் தொடுவார்கள். பதிவுக் காலமோ வருகிற மே மாதத்தோடு சரி. அதற்குள் கட்டுரை இல்லையென்றால் பதிவு ரத்து, ஆறு வருஷப் பாடும் குப்பைக்கு.

குடுவையை ஆய்வகத்தின் மூலையில் வைத்து, 'தொடாதீர்கள்' என்று சீட்டு ஒட்டிவிட்டு வந்தாள். மறுநாளே முதல்வர் அழகர் கூப்பிட்டனுப்பினார். கல்லூரிக்குத் தரச்சான்றுக் குழு வரப்போகிற நேரம் அது. அந்த நேரத்தில் கல்லூரியில் நடக்கிற எதற்கும் போட்டோ வேண்டும். வெறும் போட்டோ ஆகாது. எந்த இடம், எந்த நேரம் என்று படத்துக்கு அடியிலேயே விழுகிற ஜியோ டேக் போட்டோ.

"படிகம் வளருதுன்னு நீ சொல்றே. நான் நம்புறேன். கமிட்டி நம்புமா?" என்றார் முதல்வர். "தினம் நாலு மணிக்கு ஒரு ஜியோ டேக் போட்டோ வாட்ஸப்புல வந்துரணும்."

"ஆய்வகத்துலயே எடுத்து அனுப்பிடுறேன் சார்."

"அது எந்த ஊர் ஆய்வகம்னு யாருக்குத் தெரியும்? பின்னாடி நம்ம காலேஜ் போர்டு தெரியணும்ல?"

போர்டு இருப்பது வாசலில். ஆய்வகம் இருப்பது இரண்டாவது மாடியில்.

"சார், தூக்குனா ஆடும். ஆடுனா படிகம் வராது சார்."

முதல்வர் கொஞ்சம் யோசித்தார். நிர்வாகத்தில் இருபது வருஷம் பழம் தின்று கொட்டை போட்ட மனுசர்.

"அப்ப ஆடாமத் தூக்கு," என்றார்.

தினமும் நாலு மணிக்கு நஸீரா குடுவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பச்சைப்பிள்ளையைத் தூக்கி வருகிறவள் மாதிரி படியிறங்கி வருவாள். போர்டுக்கு முன்னால் நிற்பாள். வெயில் கண்ணில் அடிக்கிறது என்று போட்டோ எடுப்பவர் இந்தப் பக்கம் திரும்பச் சொல்வார், அந்தப் பக்கம் திரும்பச் சொல்வார். போர்டில் பாதி மறைகிறது, குடுவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கள் என்பார். வாரக் கடைசியில் குடுவையின் அடியில் மஞ்சள் தூள் படிந்திருக்கும். மறுபடி கரைப்பாள், மறுபடி வைப்பாள். போட்டோக்கள் மட்டும் குறையில்லாமல் வளர்ந்தன. ஒரு கோப்பு நிரம்பி இரண்டாவது கோப்பு போட்டார்கள்.

படிகம் ஏன் வளரவில்லை என்று மெமோ வந்தது. கூடவே படிக வளர்ச்சிக் கண்காணிப்புக் குழு என்று ஒன்றும் வந்தது. ஒருங்கிணைப்பாளர் வணிகவியல்காரர். உறுப்பினர்களில் உடற்கல்வி இயக்குநரும் உண்டு. குழு கடமை தவறாத குழு. தினம் காலையில் வந்து குடுவையை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டது. வெயில் படாமல் வைத்தால் எது வளரும் என்று உடற்கல்வி இயக்குநர் ஒரு நாள் அதை மைதானத்துப் பக்கம் கொண்டுபோய் வைத்தார். திங்களன்று கடுகளவு, புதனன்று மிளகளவு, வெள்ளியன்று சுண்டைக்காயளவு என்று வணிகவியல்காரர் இலக்கு நிர்ணயித்துப் படிகத்துக்குக் கால அட்டவணை போட்டுக்கொடுத்தார். அட்டவணையைக் குடுவையின் மேலேயே ஒட்டினார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்கப்புறம் யாருக்கும் தெரியவில்லை.

நஸீராவின் வழிகாட்டி ஜெரோம் சார். நல்ல மனுசர், பயந்த மனுசர். வீட்டுக் கடன் இருக்கிற மனுசர் என்றும் சொல்லலாம். "செத்த பொறும்மா, கமிட்டி வந்துட்டுப் போயிரட்டும்," என்பதுதான் எல்லாவற்றுக்கும் அவர் பதில்.

பொறுத்தால் மே வந்துவிடும். நஸீரா ஒரு சின்னக் குடுவையில் கொஞ்சம் கரைசலை எடுத்துக் கைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். மாடிப்படிக்கு அடியில் யாரும் மிதிக்காத தையல் மெஷின் ஒன்று கிடந்தது. அதன் மேல் வைத்தாள்.

"என்னடி இது, ஊறுகாயா?" என்றாள் அம்மா சைனம்பு.

"இல்லம்மா, என் ஆராய்ச்சி. யாரும் தொடக்கூடாது."

"ஆமா, எனக்கு இருக்குற வேலைல இதை வேற தொடப்போறேன். போவியா!"

அவ்வளவுதான். அந்த வீட்டில் அதற்கு மேல் ஒரு கூட்டமும் நடக்கவில்லை. உலை வைத்தார்கள், துணி துவைத்தார்கள், மச்சான் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்வந்தார்கள். ஒரு நாள் காலையில் நஸீரா செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தாள். குடுவையின் அடியில் மஞ்சளாக, ஓரமெல்லாம் அறுத்துவிட்ட மாதிரி, கடுகில் பாதிகூட வராத படிகங்கள் நாலைந்து உட்கார்ந்திருந்தன. அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் அதிர்ந்துவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜெரோம் சாருக்கு மதுரையில் ஒரு கல்லூரியில் கூடப் படித்த சிநேகிதர் இருந்தார். அங்கே எக்ஸ்ரே மெஷின் உண்டு. யாரிடமும் சொல்லாமல் ஒரு சனிக்கிழமை போனார்கள். படிகத்தைக் கண்ணாடி இழையின் நுனியில் ஒட்டி மெஷினில் வைத்துச் சுற்றவிட்டார்கள். அடுத்த வாரம் கம்ப்யூட்டர் திரையில் மூலக்கூறு வந்தது. அங்கே ஒரு ஹைட்ரஜன், நைட்ரஜன் பக்கம் சாய்ந்து தன் மூலக்கூறைத் தானே கட்டிப்போட்டிருந்தது. பக்கத்து மூலக்கூறு தலைகீழாகத் திரும்பி நின்று இதோடு கோத்துக்கொண்டிருந்தது. அப்படி ஜோடி ஜோடியாக, ஒரு ஜோடியின் மேல் இன்னொன்று சாய்ந்து, அடுக்கு மேல் அடுக்காகப் போய்க்கொண்டே இருந்தது. இதுவரை உலகத்தில் யாரும் பார்க்காத ஒன்றை, பேகம்பூர்க்காரி நஸீரா பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, வந்துருச்சும்மா."

"அல்ஹம்துலில்லாஹ். சாப்டியா?" என்றாள் சைனம்பு.

இதோடு கதை முடிந்திருந்தால் நல்ல கதைதான். ஆனால் கட்டுரை அனுப்ப முதல்வரின் ஒப்புதல் வேண்டும். ஜெரோம் சாரும் நஸீராவும் போய் நின்றார்கள். படிகம் கிடைத்ததில் முதல்வருக்கு மகிழ்ச்சி. கண்காணிப்புக் குழுவின் உழைப்பு வீண்போகவில்லை என்றார். பிறகு பேனாவை எடுத்துக் கட்டுரையின் தலையில் எழுத ஆரம்பித்தார்.

முதல் பெயர் தேவதர்ஷினி. தாளாளர் மதியழகனின் மருமகள், எம்.பி.ஏ. படித்தவர். இரண்டாவது தாளாளர். மூன்றாவது முதல்வர். அப்புறம் துணை முதல்வர், கண்காணிப்புக் குழு ஒருங்கிணைப்பாளர், மைதானத்துக்குக் கொண்டுபோன உடற்கல்வி இயக்குநர். அதற்குப் பின்னால் ஜெரோம். இடம் மிச்சமிருந்ததால் கடைசியில் நஸீரா.

யார் யார் என்ன செய்தார்கள் என்று பத்திரிகை கேட்கும் என ஜெரோம் சார் முனகினார். முதல்வர் அதையும் எழுதிக்கொடுத்தார். தாளாளர், மின்சாரம். முதல்வர், அனுமதி. துணை முதல்வர், ஊக்கம். தேவதர்ஷினிக்கு என்ன போடுவது என்று கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு, கருத்துருவாக்கம் என்று போட்டார்.

"சார், என் பேரு முதல்ல இல்லேன்னா என்னால ஆய்வேடு கொடுக்க முடியாது. மே மாசத்தோட முடியுது சார்."

"அதனால என்னம்மா? நீதான் படிகம் வளர்க்கக் கத்துக்கிட்டியே. இன்னொண்ணு வளர்த்துக்கோ." முதல்வர் உண்மையிலேயே அன்பாகத்தான் சொன்னார். "கமிட்டி வரட்டும், நல்லபடியா முடியட்டும். பேரைப் பத்தி அப்புறம் பார்த்துக்கலாம். அதுவரைக்கும் அந்தப் படிகத்தைப் பத்திரமா வை. கமிட்டிக்கு அதைத்தான் காட்டப்போறோம்."

கமிட்டி வந்தது. தலைவர் வடக்கேயிருந்து வந்த வயதான பேராசிரியர். கட்டுக்குலையாத உடம்பு, கோட்டு, சிரித்த முகம். தங்கத்தேர் கல்லூரியில் வரவேற்பு என்பது வாசலோடு நிற்கிற விஷயமில்லை. வாசலில் ஒரு தட்டு, நூலகத்தில் ஒரு தட்டு, கம்ப்யூட்டர் அறையில் ஒரு தட்டு, கழிவறைக் கட்டடத்தைக் காட்டும்போதுகூட ஒரு தட்டு. ஒவ்வொன்றிலும் சந்தனம், குங்குமம், கல்கண்டு. பட்டுச்சேலை கட்டிய மாணவிகள் தட்டை நீட்டுவார்கள். பெரியவர் சந்தனத்தைத் தொட்டுக்கொள்வார், கல்கண்டை வாயில் போட்டுக்கொண்டு கும்பிடு போடுவார். மத்தியானத்துக்குள் அவருக்குக் கை தன்னால் பழகிவிட்டது. தட்டு வந்தால் எடுப்பது, எடுத்தால் போட்டுக்கொள்வது.

மாலையில் கலையரங்கில் படிகத்துக்குப் பாராட்டு விழா. படிகத்தைத் தாளாளர் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார். பார்த்தார் என்றும் சொல்ல முடியாது. கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், படிகம் இருந்த குப்பியை ஆட்டினார்.

"எங்கப்பா? ஒண்ணையும் காணோமே."

"அந்த மூலைல சார், மஞ்சளா," என்றாள் நஸீரா.

"இதுக்கா இம்புட்டுச் செலவு பண்ணிப் பந்தல் போட்டிருக்கேன்? பின்வரிசைக்காரனுக்கு எப்படித் தெரியும்? ஏன் பிரின்சிபால், வேற பெரிசா இல்லையா?"

நிர்வாகத்தில் கொட்டை போட்டவர் தடுமாறவில்லை. பெரிசா இருக்கு சார் என்று தாளாளரை மேடைக்கு அனுப்பிவிட்டு, பக்கத்து மேஜையில் இருந்த வரவேற்புத் தட்டிலிருந்து ஒரு பெரிய கல்கண்டுக் கட்டியை எடுத்தார். சமையல்காரரிடம் கேசரிப் பவுடர் வாங்கி நீரில் கரைத்து முக்கினார். மஞ்சள் வந்துவிட்டது. "ஒரு மாதிரிக்குத்தானே. வடிவம்தான் முக்கியம்," என்றார். வெல்வெட் துணி விரித்த வெள்ளித்தட்டில் அதை வைத்து நஸீராவின் கையில் கொடுத்தார். "நீதான் ஏந்திக்கிட்டு நிக்கணும். வாயைத் தொறக்காதே. உன் பேரு மேல எழுதணுமா வேண்டாமா?"

நஸீரா மேடையில் நின்றாள். தாளாளர் மைக்கைப் பிடித்தார்.

"இந்தப் படிகத்தை நாங்க பெத்த பிள்ளை மாதிரி வளர்த்தோம். ஒரு நாள்கூட அதைச் சும்மா விட்டதில்ல," என்றார். அரங்கம் கைதட்டியது. நஸீராவுக்கு மட்டும் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

குழுத் தலைவர் எழுந்து வந்து தட்டின் மேல் குனிந்தார். கட்டிக்கு நடுவே ஒரு நூல் ஓடுவதைக் கண்டு, இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். பழைய முறையில் காய்ச்சிய கல்கண்டு. நூலில் கட்டி விளைய வைப்பது. நஸீரா முதல்வரைப் பார்த்தாள். தாளாளர் முந்திக்கொண்டார்.

"அதுதான் சார் ஹைட்ரஜன் பாண்ட்."

தலைவர் ஆமோதிப்பதுபோல் தலையசைத்தார். நாள் முழுக்க நடந்த களைப்பு அவருக்கு. முன்னால் ஒரு தட்டு, தட்டை ஏந்தி ஒரு பெண், தட்டில் ஒரு கல்கண்டு. நூலைப் பிடித்து எடுத்தார், வாயில் போட்டார், கும்பிடு போட்டார்.

கண்காணிப்புக் குழு ஒருங்கிணைப்பாளர், ஐயோ என்று எழுந்து நின்றார். அது கல்கண்டு என்று அவருக்குத் தெரியாது. யாரோ ஆம்புலன்ஸ் என்று கத்தினார்கள். தலைவர் கடக்கென்று கடித்தார், சப்பினார், நூலை வெளியே எடுத்தார், முகம் மலர்ந்தது.

"ஸ்வீட்! வெரி ஸ்வீட்!"

தாளாளர் மைக்கை விடவில்லை. "நம்ம காலேஜ்ல விளையுறது எல்லாமே இனிக்கும் சார்!"

அடுத்த மாதம் அறிக்கை வந்தது. மனிதர் உண்ணத்தக்க இனிப்பு ஷிஃப் பேஸ் ஒன்றைக் கண்டறிந்த நிறுவனம் என்று எழுதி, இருப்பதிலேயே உயர்ந்த தரத்தைக் கொடுத்திருந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அதில் தேவதர்ஷினி சோதனைக் குழாயைப் பிடித்துக்கொண்டு மலைக்கோட்டையைவிட உயரமாக நின்றார்.

நல்லபடியாக முடிந்துவிட்டதே, பேரைப் பார்ப்போம் என்று நஸீரா போனாள். ஆராய்ச்சிக் கவுன்சிலைக் கூட்டினார்கள். தாளாளர், முதல்வர், தேவதர்ஷினி, குழுக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். ஜெரோம் சார் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தாளாளர் நல்ல சந்தோஷத்தில் இருந்தார்.

"முதல் பேரு உனக்கே தாரேம்மா. நான் அம்புட்டுக் கஞ்சன் இல்ல. ஆனா கட்டுரைல ஒரு வரி சேர்க்கணும். இந்தச் சேர்மம் இனிக்கும், சாப்பிடலாம்னு. அறிக்கைல இருக்குறது கட்டுரைலயும் இருக்கணும்ல? அதை வச்சு நம்ம கேன்டீன் டீலயே சீனிக்குப் பதிலா போடப்போறேன். ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்குக் குடுத்துப் பார்ப்போம்."

நஸீராவுக்கு முதல் பெயர் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. ஆமாம் சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மே மாதம் கண் முன்னால் நின்றது, அத்தாவின் முகம் நின்றது. எறும்புகூட நக்கிப் பார்க்காத அந்த மஞ்சள் தூளை டீயில் கலக்கிக் குடிக்கப்போகிற பிள்ளைகளும் நின்றார்கள்.

"சொல்லும்மா. இனிக்கும்தானே?" என்றார் முதல்வர், கண்ணைக் காட்டியபடி.

"இனிக்காது சார். அதைச் சாப்பிடக் கூடாது. அவர் அன்னைக்குத் தின்னது கல்கண்டு."

முதல்வர் தண்ணீர் குடித்தார். எல்லாம் முடிந்தது, பதிவும் போச்சு, பட்டமும் போச்சு என்று நஸீரா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் தங்கத்தேர் கல்லூரியை அவள் குறைத்து எடைபோட்டுவிட்டாள். வணிகவியல்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"தலைவர் சாப்பிட்டது நம்ம காலேஜ் சேர்மம்னு அறிக்கைல இருக்கு. அறிக்கையை நாம மாத்த முடியாது. அப்ப அவர் எதைச் சாப்பிட்டாரோ அதுதான் நம்ம சேர்மம். அது இனிக்கும். இந்தப் பொண்ணு வச்சிருக்குறது இனிக்காதாம். அப்ப இது நம்ம சேர்மம் இல்ல."

"அதானே!" என்றார் தாளாளர். முகத்தில் மறுபடி வெளிச்சம் வந்தது. "எங்க வளர்த்தே இதை?"

"எங்க வீட்டுல சார்."

"பார்த்தீங்களா! நம்ம காலேஜ்ல வளராததை வீட்டுல வச்சு வளர்த்திருக்கு. வீட்டுல மட்டும் எப்படி வளர்ந்துச்சு?"

"யாரும் தொடல சார்."

அதை யாரும் காதில் வாங்கவில்லை. கேன்டீனுக்குக் கடையிலிருந்து நம்ம சேர்மத்தையே மூட்டையாக வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று தாளாளர் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். நஸீராவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. தேவதர்ஷினி கட்டுரையை விரல் நுனியால் தள்ளினார். இனிக்காத கட்டுரையில் தன் பெயர் எதற்கு என்று பேனா கேட்டு, தானே அடித்தார். தாளாளர் அடித்தார். முதல்வர் அடித்தார். ஊக்கம், கண்காணிப்பு, மைதானம் எல்லாம் வரிசையாக எழுந்து வந்து அவரவர் பெயரை அவரவரே அடித்துக் கையெழுத்தும் போட்டார்கள். தாள் ஜெரோம் சாரிடம் வந்தது. தாளாளர் அவரைப் பார்த்தார். ஜெரோம் சார் பேனா மூடியைக் கழற்றினார், மறுபடி மூடினார். வீட்டுக் கடன் ஞாபகம் வந்திருக்கும்.

"என் பேரு இருக்கட்டும் சார்," என்றார். குரல் அவருக்கே கேட்டிருக்காது.

"இருக்கட்டும், இருக்கட்டும். உங்க பாடு. ஏம்மா, இனிமே இது உன் சொந்த விஷயம். காலேஜை இழுக்கக்கூடாது."

நஸீராவுக்கு எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ. "எழுதிக் குடுத்துருங்க சார். இதுல காலேஜுக்குச் சம்பந்தமில்லேன்னு. நான் மதுரைக்குப் பதிவை மாத்திக்கிறேன்."

தொல்லை விட்டது என்று உடனே எழுதினார்கள், டைப் அடித்தார்கள், வட்ட முத்திரையும் சதுர முத்திரையும் குத்தினார்கள். ஆறு வருஷத்தில் அவள் கேட்டு அன்றைக்கே கிடைத்த ஒரே தாள் அதுதான். மதுரைக் கல்லூரிக்கு அது போதும், மே மாதத்துக்குள் கட்டுரையை அங்கிருந்தே அனுப்பிவிடலாம். முதல் பெயர் நஸீரா, இரண்டாவது ஜெரோம், மூன்றாவது இல்லை.

பஸ் நிறுத்தத்தில் நின்று தாளைப் பிரித்தாள். கடைசிப் பத்தியை முதல்வரே சொல்லச் சொல்ல அடித்திருந்தார்கள். 'மேற்படி சேர்மத்தின் உள்ளமைப்புக்கும், அதன் மூலக்கூறுகள் தங்களுக்குள் வைத்துக்கொண்டிருக்கும் பிணைப்புகளுக்கும் கல்லூரி நிர்வாகம் எவ்வகையிலும் காரணமல்ல.' நஸீராவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. துப்பட்டாவால் வாயை மூடியும் நிற்கவில்லை.

"என்னம்மா, ஏதும் தப்பா எழுதிட்டாங்களா?" என்று பதறினார் ஜெரோம் சார்.

"இல்ல சார். இம்புட்டு வருசத்துல இவங்க எழுதினதுலயே தப்பில்லாத வரி இது ஒண்ணுதான்."